சம்பில் பூசிய ரப்பர் பால்

வேர்க்‌ஷொப்புக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும், இந்த முறை சேர்ந்திருக்கும் அந்த ஒரே தங்கச்சிக்கும்,

இடுப்பு விட்டுப்போய் நான் வீட்டில் உட்கார்ந்து எட்டு மாதமாகிறது. ஐம்பத்தைந்து வயதுக்குள் ஓய்வு என்றால் ஏதோ பெரிய உத்தியோகம் பார்த்தவன் போலத் தெரியும். உண்மை என்னவென்றால், லொறிக்கு அடியில் படுத்தால் இரண்டு பேர் காலைப் பிடித்து இழுத்துத்தான் என்னை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. புதியவர்களுக்கு அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் மனேஜர் கேட்டார். சாதித்ததை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. அதனால் பயந்ததை எழுதுகிறேன். அதில் சரக்கு நிறைய இருக்கிறது.

உங்கள் கையில் இப்போது சிலிக்கன் டியூப் இருக்கிறது. பிதுக்கினால் புழு மாதிரி வரும், பூசினால் பத்து நிமிடத்தில் காயும். எங்களுக்கு இருந்தது செல்லாக். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த கறுப்புச் சாந்து, டின்னில் வரும். மூட்டுக்கு இடையில் வைக்கும் தாளான கேஸ்கட்டின் இரண்டு பக்கமும் பிரஷால் பூசி, எஞ்சினில் வைத்து முறுக்கினால் ஒயில் ஒழுகாது. அதை ஏதோ அமிர்தம் என்று நினைக்க வேண்டாம். விரலில் பட்டால் ஒரு வாரம் போகாது. சோறு பிசைந்தால் சோற்றில் அந்த வாசம், தலை சீவினால் சீப்பில் அந்த வாசம். டியூப் வந்த அன்று முதலில் கைதட்டியவன் நான்தான்.

ஆனால் டின்னோ டியூபோ, மூடியை மூட வேண்டும். நான் மூடவில்லை.

அப்போது எனக்கு இருபது வயது. கஹவத்தைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தின் வேர்க்‌ஷொப்பில் கோலயாவாக, அதாவது எடுபிடியாக, சேர்ந்து பதினான்கு மாதம். மெக்கானிக்கை நாங்கள் பாஸ் என்போம். எங்கள் பாஸ் மகளின் பிரசவத்துக்காக மூன்று நாள் லீவில் போகும்போது ஒரே ஒரு வேலையை என் தலையில் வைத்துவிட்டுப் போனார். ரப்பர் பால் லொறியின் சம்பைக் கழற்றிக் கழுவி, புதுக் கேஸ்கட் வெட்டி, செல்லாக் பூசிக் கட்ட வேண்டும். சம்ப் என்பது எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கும் சட்டி. முப்பது மரையாணி. குரங்குக்குச் சொல்லிக் கொடுத்தாலும் செய்துவிடும் என்றார். குரங்கு செய்திருக்கும்.

சம்பைக் கழற்றினேன், கழுவினேன், கேஸ்கட்டும் அழகாக வெட்டினேன். செல்லாக் டின்னைத் தேடினால், முந்திய நாள் நான் திறந்து வைத்துவிட்டுக் கிரிக்கட் பார்க்கப் போன இடத்திலேயே, திறந்தபடியே இருந்தது. பிரஷ் அதற்குள் நட்டுக்குத்தலாக நின்றது. டின்னைத் தலைகீழாகப் பிடித்தேன். பிரஷ் விழவில்லை. பிரஷைப் பிடித்துத் தூக்கினேன். டின்னும் சேர்ந்து வந்தது.

ஸ்பிரிட் ஊற்றினால் கரையும். ஸ்பிரிட்டை சாமான் அறையில் கேட்க வேண்டும். எதற்கு என்று சாமான் அறைக்காரர் கேட்பார். அவர் கேட்டால் பின்னேரத்துக்குள் தோட்டம் முழுக்கத் தெரியும். நான் அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன். உங்களில் யாராவது மூளைசாலியாக இருந்தால் கவனியுங்கள், மூளை இல்லாதவனால் இப்படி ஒரு பிழை செய்ய முடியாது. நான் யோசித்தது இது: சுற்றிப் பார்த்த இடமெல்லாம் ரப்பர் மரம். கார் டயர் ரப்பர். மழைக் கோட் ரப்பர். உலகத்தில் ஒழுகாத பொருளெல்லாம் ரப்பர். வேர்க்‌ஷொப்புக்குப் பின்னாலேயே பால் நிறுக்கும் கொட்டில். அப்படியிருக்க எதற்கு செல்லாக்?

ஒரு சிரட்டைப் பால் வாங்கி வந்தேன். அவசரப்படவும் இல்லை, முறையாகச் சோதித்தேன். பிரவுன் பேப்பரில் பூசிக் காயவைத்து, கிண்ணம் போல மடித்து, தண்ணீர் ஊற்றி ஒரு இரவு வைத்தேன். காலையில் ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் இன்னொரு சிரட்டை புதுப் பால் வாங்கி வந்து, கேஸ்கட்டின் இரண்டு பக்கமும் வெண்ணெய் மாதிரிப் பூசி, முப்பது மரையாணியையும் முறுக்கினேன். சம்பில் நிற்பது தண்ணீரா என்று என்னை நானே கேட்கவில்லை.

லொறி ஒரு நாள் ஓடியது. ஒரு குறையும் இல்லை. அன்று முழுக்க நான் நடந்த நடையைப் பார்த்திருந்தால் பெரிய தொரை என்றே நினைத்திருப்பீர்கள்.

இரண்டாம் நாள் முற்பகல், கொட்டிலில் பால் ஏற்றிக்கொண்டு நின்ற லொறிக்கு அடியில் மூன்று கறுப்புச் சொட்டைக் கண்டேன். குனிந்து கேஸ்கட் ஓரத்தைத் தொட்டால், பாதி வெந்த சீனிப்பாகு போல விரலோடு நூல் இழுத்தது.

ரப்பர் தோட்டம் பழகாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மரத்திலிருந்து வரும் பால் சும்மா காத்திருக்காது. உறையாமலிருக்க மருந்து கலந்தாலும் வெயில் நாளில் நேரத்தோடு ஃபேக்டரிக்குப் போய்ச் சேர வேண்டும். பிந்தினால் டேங்குக்குள்ளேயே உறைந்து, டேங்க் அளவுக்கு ஒரே கட்டியாகிவிடும். எங்கள் பால் போக வேண்டியது நிவித்திகலப் பக்கம், வேறொரு தோட்டத்து ஃபேக்டரிக்கு. நான் சேர்ந்த புதிதில் ஒருமுறை அப்படி உறைந்து, நாலு பேர் டேங்குக்குள் இறங்கி இரண்டு நாள் கத்தியால் அறுத்தார்கள். அத்தனை மலையிலும் விடியற்காலை ஏறிப் பால் வெட்டியவர்களின் ஒருநாள் உழைப்பு அது. இப்போது அது எனது முப்பது மரையாணிக்கு மேலே உட்கார்ந்திருந்தது.

அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்கலாம். டிரைவர் நானா பக்கத்திலேயே நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கஹவத்தை டவுன் முஸ்லிம், இருபது வருடமாகப் பால் லொறி ஓட்டுபவர்; அவர்கள் பேச்சில் அண்ணன் நானா, இருக்கு என்பது ஈக்கி. நான் வாயைத் திறந்தேன்தான். வந்த சொல் வேறு.

"நானா, நானும் வரட்டுமா? வயிறு சரியில்ல. டவுன்ல டொக்டர காட்டணும்."

"வா மகன். ஆனா அது என்ன பேக்?"

உர பேக்கில் சுற்றி, நாலு லீற்றர் ஒயில் கேன் ஒன்றை அணைத்துக்கொண்டிருந்தேன்.

"சாப்பாடு," என்றேன்.

"வயிறு சரியில்லாதவனுக்கு எவ்வளவு சாப்பாடு," என்றபடி ஏறினார்.

முதல் வளைவு தாண்டியதும் ஒன்றுக்குப் போகவேண்டும் என்றேன். நிறுத்தினார். இறங்கி லொறியைச் சுற்றி வந்து அடியில் பார்த்தேன். சொட்டுகள் இப்போது ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வந்தன. ரேடியேட்டருக்குத் தண்ணீர் பார்க்கிறேன் என்று சொல்லி பொனட்டைத் தூக்கி, அதன் மறைவில் ஒரு லீற்றர் ஊற்றினேன்.

இரண்டாவது தடவை நிறுத்தியபோது நானா ஜன்னலால் தலையை நீட்டினார்.

"ஒன்னுக்குப் போறதுக்கு எதுக்குடா சாப்பாட்டையும் தூக்கிட்டுப் போற?"

"எறும்பு ஏறிரும் நானா."

இந்த முறை ஸ்பெனரையும் கொண்டுபோயிருந்தேன். ஒழுகினால் இறுக்கு. பயந்தவன் கைக்குத் தெரிந்த ஒரே வேலை அது. ஒழுகுகிற பக்கத்து மரையாணிகளை மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்கினேன். கேஸ்கட் வழுக்கிக்கொண்டு வெளியே வந்து, நாக்கை நீட்டி என்னைப் பார்த்தது. அதுவரை சொட்டியது அந்தக் கணத்திலிருந்து ஓடியது. மிச்சமிருந்ததில் பெரும்பகுதியை எஞ்சினுக்கும் கொஞ்சத்தை என் காற்சட்டைக்கும் ஊற்றினேன். மூன்றாவது தடவையோடு கேன் காலி.

"மகன்," என்றார் நானா, கியரை மாற்றிக்கொண்டே. "ஒனக்கு சீனி வருத்தம் ஈக்கி. எங்கட மாமாவுக்கும் இப்பிடித்தான் தொடங்கின. பாவக்காச் சாறு குடி."

நான் தலையாட்டினேன். அவர் மிகவும் அக்கறையாக, பாவக்காயை எப்படி அரைப்பது, உப்பு எவ்வளவு போடுவது என்று சொல்லிக்கொண்டு வந்தார். நான் டாஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தோட்டத்தின் கடைசி டிவிஷன் வளைவில், ஒயில் தீர்ந்தால் எரியும் சிவப்பு லைட் அதில் எரிந்தது.

நானாவும் கண்டுவிட்டார். இரண்டு தட்டுத் தட்டினார். அணையவில்லை.

"வயர்க் கோளாறா ஈக்கும்," என்றார். "இந்த லொறியில எந்த லைட் ஒழுங்கா எரிஞ்சிச்சி? போய்ச் சேர்ந்து பாக்கலாம். என்ன, அப்பிடித்தானே?"

தம்பிமாரே, என் தொழிலில் என் காதில் விழுந்த கேள்விகளிலேயே ஆபத்தானது அது. நான் பொய்கூடத் தேட வேண்டியதில்லை. அவரே ஒன்றைத் தயார் செய்து, தட்டில் வைத்து நீட்டுகிறார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். இன்னும் ரெண்டு மைலில் எஞ்சின் இறுகிப்போகும், வயரின் மேல் பழி, பழைய லொறியின் மேல் பழி. ஆமாம் என்ற சொல் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. என்னைத் தடுத்தது நேர்மை என்று எழுத ஆசைதான். டேங்குக்குள் கத்தியோடு இறங்கிய அந்த நாலு பேர்தான் கண்ணுக்குள் வந்தார்கள்.

"இல்ல நானா. நிப்பாட்டுங்க. எஞ்சினையும் நிப்பாட்டுங்க. ஒயில் இல்ல."

ஓரம்கட்டி நிறுத்தினார். எஞ்சின் அடங்கியதும் காட்டுப்பூச்சிச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

எல்லாவற்றையும் சொன்னேன். டின் மூடி, பிரவுன் பேப்பர் கிண்ணம், உர பேக். கேட்டுக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் மட்டும் குறுக்கிட்டார்.

"என்னத்தப் பூசின?"

"ரப்பர் பால்."

"பின்னுக்கு ஈக்கிற இந்தப் பாலா?"

"நேத்துப் பால்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு மெதுவாகச் சொன்னார். "மூணு தரம் நிப்பாட்டினேனே மகன். மூணு தரமும் ஒனக்கு வாய் ஈந்திச்சே."

முப்பத்தைந்து வருடத்துக்குக் கிட்ட ஆகிறது. வாங்கிய திட்டெல்லாம் மறந்துவிட்டது. அது மறக்கவில்லை.

டேங்க் மூடியைத் திறந்து பார்த்தார். ஓரத்தில் ஆடை படியத் தொடங்கியிருந்தது. வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. தன் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு லீற்றர் ஒயிலை எடுத்தார். அவரிடம் ஒயில் இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை, கேட்டால்தானே தெரியும். "இத ஊத்தினா ஓடிரும். ஓட்டைய அடைக்க ஏதாச்சும் கொண்டா. எங்கயாச்சும் போ," என்றார்.

வளைவுக்குக் கீழே பீலிச் சத்தம் கேட்டது. மலையிலிருந்து தகரக் குழாயில் தண்ணீர் விழும் இடம். பால் வெட்டு முடித்த பெண்கள் ஏழெட்டுப் பேர் அங்கே கை கால் கழுவி, துணி துவைத்துக்கொண்டிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் நெற்றியிலிருந்து முழங்கால் வரை ஒயிலோடு பாய்ந்துவிட்டேன்.

"ஏய், யாரு அது? பொம்பளைங்க இருக்கோம்ல, திரும்பி நில்லு."

திரும்பி நின்று, ஒரு ரப்பர் மரத்தைப் பார்த்துப் பேசினேன். "அக்கா, லொறியில ஒயில் ஒழுகுது. டேங்க் நடுரோட்டுல நிக்குது. பால் ஒறையப் போகுது."

துணி அடிக்கும் சத்தம் நின்றது.

"எந்தப் பாலு?"

"இன்னக்கிப் பாலு."

"அப்ப எங்க பாலாடா?" என்று கேட்டபடி ஒருவர் மேலே ஏறி வந்தார். பாக்கியம் அக்கா. நாற்பது வயதிருக்கும். எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, அடுத்த லயம். அவர் வந்தபடியே கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தக் கைகளைப் பார்த்தேன். பால் வெட்டியவர்களின் விரலில் பால் காய்ந்து தோல்போல ஒட்டியிருக்கும். அக்கா போத்தலிலிருந்து தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் விட்டுத் தேய்க்கத் தேய்க்க, அந்த ரப்பர் கொழகொழத்து, திரிதிரியாக உருண்டு, கீழே விழுந்துகொண்டிருந்தது.

என் சம்ப் கழன்று விழுவதை நான் அந்தக் கைகளில் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னா அப்படிப் பாக்குற? மெசினுல என்னா பூசுன?"

சொன்னேன்.

அக்கா தன் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கீழே குரல் கொடுத்தார். "ஏ புள்ள, கேட்டியா. எண்ணெச் சட்டிக்கு ரப்பர் பாலு பூசியிருக்காரு நம்ம மெக்கானிக்கு."

கீழேயிருந்து வந்த சிரிப்பு பீலிச் சத்தத்தை அமுக்கியது.

"ஒங்கம்மா தேயிலக் கொழுந்து பறிக்கிறதா, பால் வெட்டா?"

"பால் வெட்டுதான் அக்கா."

"அம்மா கை கழுவுறத ஒரு நாளு கூடப் பாத்ததில்லயா?"

தினமும் பார்த்தேன். இருபது வருடம் பார்த்தேன். அதை எஞ்சினோடு சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வேர்க்‌ஷொப்புக்கு வெளியே இருப்பவர்களுக்கு என்ன தெரியும் என்ற நினைப்பு, அதற்கு மருந்தே கிடையாது. உங்களிடம் இருந்தால் இப்போதே கழுவி விடுங்கள்.

"சவுக்காரம் அப்பு," என்றார் அக்கா. "எங்க வூட்டு மண்ணெண்ண பீப்பா ஒழுகுனா அதத்தான் அப்புவோம். எண்ணெ ரப்பரத் தின்னும், சவுக்காரத்தத் தின்னாது."

துணிச் சவுக்காரக் கட்டி மூன்று மேலே வந்தது. லொறிக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். அக்கா சக்கரத்தின் பக்கம் குந்தி உட்கார்ந்து, சவுக்காரத்தைப் பிசைந்து பிசைந்து, ரொட்டி மாவு மாதிரி உருட்டித் தந்தார். நான் ஓரத்தைத் துடைத்துத் துடைத்து அப்பினேன். நீட்டிக்கொண்டிருந்த நாக்கைப் பிடித்து இழுக்கப் போனேன்.

"அத ஏன் இழுக்குற? வெளிய வந்தது வந்துருச்சு. அது மேலயே அப்பு."

இழுத்திருந்தால் மிச்சமும் வந்திருக்கும். கிழித்த சீலைத் துண்டை மேலே வைத்து அழுத்தி, இன்னொரு தடவை அப்பினேன். ஒழுக்கு நின்றது என்று சொல்லமாட்டேன். யோசித்து யோசித்துச் சொட்டியது.

நானா தன் ஒரு லீற்றரை ஊற்றி அளவுக்கம்பியை இழுத்துப் பார்த்தார். நுனிகூட நனையவில்லை. அக்கா அதைப் பார்த்துவிட்டு, தன் எண்ணெய்ப் போத்தலை நீட்டினார்.

"தங்கச்சி, இது தலைக்குப் பூசுற எண்ணெ," என்றார் நானா.

"எண்ணெ எண்ணெதானே. வேற வச்சிருக்கீங்களா?"

நானா போத்தலை வாங்கி மூடியைத் திறந்தார். அரைப் போத்தல், கால் போத்தல் என்று ஆறு பேருடையதும் மேலே வந்தது. அத்தனையும் உள்ளே போனது. நுனி நனைந்தது. இதை ஒருவரும் செய்து பார்க்க வேண்டாம். பிறகு அந்த எஞ்சினைக் கழுவியெடுக்க எனக்கு ஒரு கிழமை பிடித்தது. அன்றைக்கு அதைவிட்டால் வேறு வழி இல்லை, அவ்வளவுதான்.

மெதுவாகப் போனோம். இரண்டு மைலுக்கு ஒருமுறை நிறுத்தி, அடியில் படுத்து, கையில் மிச்சமிருந்த சவுக்காரத்தை அப்பினேன். ஒவ்வொரு முறையும் நானாவே, "மகன், ஒன்னுக்குப் போறியா?" என்று கேட்டார். வழி நெடுக லொறி முறுக்குச் சுடும் வாசத்தோடு போனது. ஒரு பஸ் ஹோல்டில் நின்ற பிள்ளைகள் மூக்கைத் தூக்கிப் பார்த்தார்கள்.

ஃபேக்டரியில் டேங்கைத் திறந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். பால் ஓடும் சத்தம் கேட்டது. உலகத்தில் அவ்வளவு நல்ல சத்தம் கிடையாது. சல்லடையில் இரண்டு வாளிக் கட்டி தங்கியது. மற்றதெல்லாம் பாலாகவே இறங்கியது. அங்கிருந்த மேற்பார்வையாளர் லொறியைச் சுற்றி வந்து மோந்தார்.

"என்னா நானா, லொறி தலைக்கு எண்ணெ வச்சிருக்கா?"

"பொண்ணு பாக்கப் போறோம்," என்றார் நானா, சிரிக்காமல்.

பாஸின் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். லீவு முடிந்து வந்த அன்றே, அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவதற்குள் நானே போய்ச் சொன்னேன். அவர் சொன்னது அச்சுக்கு ஆகாது. இரண்டு பாஷையில் சொன்னார், சிங்களத்தில் சொன்னதுதான் கொஞ்சம் மரியாதை. எல்லாம் சொல்லி முடித்து, சம்பைக் கழற்று என்றார். கழற்று என்றால் வேலை போகவில்லை என்று அர்த்தம். அதைவிட வேகமாக நான் ஒரு சம்பைக் கழற்றியதே இல்லை.

ஆனால் நான் சொல்லவந்தது திரும்பி வந்த வழியில் நடந்தது. ஃபேக்டரியில் நல்ல ஒயில் கொடுத்தார்கள், சவுக்காரமும் கொடுத்தார்கள். வெறும் டேங்கோடு வந்துகொண்டிருந்தோம். அந்த பீலி வளைவு வந்ததும் நானா தானாகவே நிறுத்தினார்.

"எறங்கு."

"எனக்கு ஒன்னுக்கு வரல்ல நானா."

"போய்ச் சொல்லிட்டு வா. அவங்கட பால் போய்ச் சேர்ந்திட்டுன்னு. அவங்க எப்பிடி அறிவாங்க?"

எனக்கு அது தோன்றியிருக்கவே இல்லை. தப்பித்த சந்தோஷத்தில் அவர்களை மறந்தே போயிருந்தேன். இறங்கிப் போனேன். இந்த முறை நடந்து, தூரத்திலேயே தொண்டையைச் செருமிக்கொண்டு போனேன். மற்றவர்கள் லயத்துக்குப் போய்விட்டார்கள். பாக்கியம் அக்கா மட்டும் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, பாலு போய்ச் சேந்துருச்சு. ரெண்டு வாளிதான் கட்டி."

கையிலிருந்த சேலையை மடித்து முடித்து, வாளிக்குள் வைத்து, வாளியைத் தலைக்குத் தூக்கி வைத்தார். அதுவரை இறுகிக்கிடந்த முகம் அப்போதுதான் இளகியது.

"சரி," என்றார். "நாளக்கி வேல முடிஞ்சி வூட்டுப் பக்கம் வா. அந்த மண்ணெண்ண பீப்பாவக் கொஞ்சம் பாத்துக் குடு. சவுக்காரம் அப்பி அப்பிச் சலிச்சுப்போச்சு."

என்னை நம்பி ஒருவர் கொடுத்த முதல் வேலை அது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கட்டாயம் வருகிறேன் அக்கா என்றேன்.

நாலு எட்டு நடந்தவர் வாளி அசையாமல் திரும்பினார்.

"வெறுங்கையோட வா. பூசுறதுக்கு நீயா ஒன்னும் கொண்டாந்துறாத."